முப்பத்தோராம் இருக்கை

ஆறரைக்கு அலாரம் அடித்தது. டனிஸ்ரன் எழுந்து முகம் கழுவி, இயர்போனைக் காதில் செருகினான். செய்தி கேட்டுக்கொண்டே சவரம் செய்வதும் பாணுக்கு மாஜரின் பூசுவதும் அவனுடைய பல வருடப் பழக்கம்.

குசினி வாசலில் நின்று மாமி அல்போன்சம்மா ஏதோ சொன்னார். தன் மகளும் டனிஸ்ரனின் மனைவியுமான ஜெயனியின் செத்தவீட்டுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்தவர், ஐந்து மாதமாகியும் திரும்பிப் போகவில்லை.

“ஒண்டுமில்லை மாமி, பேந்து பாப்பம்” என்றுவிட்டுச் சப்பாத்தைப் போட்டான். படியிறங்கும்போதுதான் கால்மேசு நனைந்திருப்பது தெரிந்தது. குசினிக் குழாய் ஒழுகுகிறது என்றுதான் மாமி சொல்லியிருக்க வேண்டும்.

கோட்-டெ-நெய்ஜ் தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அந்த அலுவலகம். எல்லைக்கு அப்பால் நியூ ஹாம்ப்ஷயரில், நவம்பரில் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்தல். அந்த மாநிலத்து வாக்காளர்களைத் தொலைபேசியில் பிடித்து, வேட்பாளர்களின் பெயர்களை வாசித்து, யாருக்கு வாக்கு என்று கேட்பதுதான் வேலை.

“அப்பிள் தோட்டக்கார வேட்பாளர் விலகீட்டாராம் அண்ணை” என்றாள் பக்கத்து இருக்கை அஞ்சலீனா. “நாலு பேரிலை இனி மூண்டு பேர். என்ரை ரீச்சர் வெண்டிடுவா.”

“உமக்கு அங்கை வோட் இருக்கோ?”

“வோட் இல்லாட்டி என்ன? நித்திரையிலையும் அவையின்ரை பேரைத்தானே சொல்லுறன்.”

அவன் சிரிக்கவில்லை. வேட்பாளர் பட்டியல் மாறிவிட்டால் பழைய பேட்டிகளால் பயனில்லை. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாப் பதிவுகளையும் அழித்துவிடுவார்கள். முப்பத்தோராம் இருக்கையில் மார்ச் மாதம் பதிவாகியிருந்தவையும் அவற்றோடு போய்விடும்.

அந்த இருக்கையில்தான் ஜெயனி வேலை பார்த்தாள். ஒரு பின்னேரம் நாலு பன்னிரண்டுக்கு மயங்கி விழுந்தவள் பிறகு கண் திறக்கவில்லை. மூளையில் இரத்தக் கசிவு. “காலையிலிருந்தே கடுமையான தலையிடி இருந்திருக்கும். யாரிடமாவது சொல்லியிருப்பாரே” என்றார் மருத்துவர்.

யாரிடம் என்பதில் டனிஸ்ரனுக்குச் சந்தேகமே இல்லை. தனக்கு அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் ஹர்ஷிடம் சொல்லியிருப்பாள். அவன்தான் அவளை வீட்டுக்கு விடாமல் இருத்தி வைத்திருப்பான். மாதா கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் டனிஸ்ரன் இதைத்தான் சொன்னான். முறைப்பாட்டுக் கடிதம்கூட எழுதி முடித்தாயிற்று. சாட்சிதான் இல்லை.

அதைத் தேடியே இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன் இங்கே வந்து சேர்ந்தான். கேட்டவுடன் ஹர்ஷ் வேலை கொடுத்தான். குற்ற உணர்ச்சி என்றே டனிஸ்ரன் எடுத்துக்கொண்டான்.

பயிற்சியின் முதல் நாளே ஒன்று தெரிந்துபோயிற்று. ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால், கழற்றும்வரை எல்லாம் பதிவாகும். ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையில் கதைப்பதும் பதிவாகும். ஆனால் பழைய பதிவுகள் ஹர்ஷின் கணினியில் மட்டுமே திறக்கும்.

பதினொன்று நாற்பதுக்கு ஹர்ஷின் அறைக்குள் போனான்.

“முப்பத்தொண்டின்ரை பதிவைக் கேக்க விடுங்கோ.”

“வேணாம் டனிஸ்ரன். வாக்காளர் பேசினதை அப்படிப் போட்டுக் காட்டக் கூடாது. ரூல்ஸ் இருக்கு.”

“ரெண்டு மாசமா இதே கதை. ரூல்ஸ் இல்லை ஹர்ஷ், உங்களுக்குப் பயம்.”

“எனக்கு என்னங்க பயம்?”

“அவ சொன்னதை நான் கேட்டிடுவன் எண்டு.”

ஹர்ஷ், “ஆமா. அந்தப் பயம்தான்” என்றான்.

அஞ்சலீனா கதவைத் திறந்துகொண்டு வந்து டனிஸ்ரனின் கையைப் பிடித்தாள். “விட்டிட்டு வாங்கோ அண்ணை. கேட்டு என்ன செய்யப் போறியள்?”

“அண்டைக்கு நீரும் அவவுக்குப் பக்கத்திலைதானே இருந்தனீர். நீரும் இவரின்ரை பக்கமோ?”

அவள் கையை விட்டாள்.

சுவரில் பதினொன்று ஐம்பத்திரண்டு. டனிஸ்ரன் முழங்காலில் நின்றான். தரை விரிப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

“காலிலை விழுறன் ஹர்ஷ். பன்னிரண்டு மணிக்குப் பிறகு அவவின்ரை குரல் ஒரு இடத்திலையும் இல்லை.”

“எழுந்திருங்க. ப்ளீஸ், எழுந்திருங்க.” ஹர்ஷ் தன் ஹெட்செட்டைக் கழற்றி அவனிடம் நீட்டினான். கணினியில் அந்தப் பதிவைத் திறந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

ஜெயனியின் ஆங்கிலம் காதுக்குள் வந்தது. நாலு வேட்பாளர்களின் பெயர்களை வாசித்தாள். அவர்களில் அந்த ஆசிரியையின் பெயரை இரண்டு தடவை வாசித்தாள். மறுமுனையில் யாரோ ஒரு கிழவர், அவரை முதலே சொல்லிவிட்டாய் பிள்ளை என்று சிரித்தார். மன்னிப்புக் கேட்டு மறுபடி வாசித்தாள். மறுபடியும் தடுமாறினாள்.

அழைப்பு முடிந்தது. அவள் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் பதிவின் நேரம் நாலு பதினொன்று.

பிறகு தூரத்திலிருந்து ஹர்ஷின் குரல் நெருங்கி வந்தது. டனிஸ்ரன் சட்டைப் பையிலிருந்து பேனையையும் முறைப்பாட்டுக் கடிதத்தையும் எடுத்தான்.

“என்னாச்சு ஜெயனி? தலைவலியா? முகமே சரியில்ல. கிளம்புங்க, நான் டாக்ஸி சொல்றேன். நேரா ஹாஸ்பிட்டல் போயிடுங்க.”

பேனை கடிதத்தின் மேல் அப்படியே நின்றது.

“வேண்டாம் ஹர்ஷ்” என்றாள் ஜெயனி. “காலமையே வீட்டிலை இவரிட்டைச் சொன்னனான். ஒண்டுமில்லை, பேந்து பாப்பம் எண்டவர்.”