மா இஸ்மீனியா பார்க்காத இடம்

"ஆன்டிகுவாவா? ஐயோ, வேணாம்! இருநூறு தடவையாவது போயிருப்பேன்!" மா இஸ்மீனியா கையை வீசிச் சிரித்ததில், தொப்பியில் செருகியிருந்த மஞ்சள் பூ ஆடியது.

மேசைக்கு எதிரே இருந்த வங்கி ஊழியர் கெர்லிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டொமினிக்காத் தீவின் ரோசோ நகரக் கூட்டுறவு வங்கியில் ஆண்டுவிழாக் குலுக்கல். முதல் பரிசு இந்த அம்மாவுக்கு விழுந்திருக்கிறது. கரீபியனில் எந்தத் தீவென்றாலும் மூன்று நாள் தங்கல், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் இலவசம். எந்த இடம் என்பதை இன்று பன்னிரண்டு மணிக்குள் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் பரிசு இரண்டாவது பெயருக்குப் போய்விடும்.

இரண்டாவது பெயர் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் அல்ஃபோன்ஸ். மடியில் பெட்டி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, காலில் கடற்கரைச் செருப்பு.

"பன்னெண்டுக்கு இருபது நிமிஷம்" என்றார் அவர், யாரும் கேட்காமலே.

"மூச்சு விட விடுய்யா. இப்பவே துணி மடிச்சு எடுத்துட்டு வந்துட்டியா?"

"நீச்சல் டவுசரைக்கூட உள்ளே போட்டுட்டு வந்திருக்கேன்."

மா இஸ்மீனியா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கெர்லிஷா சிரிக்கவில்லை. பாஸ்போர்ட் கேட்டதற்கு, நான்கு பாஸ்போர்ட்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எடுத்து வைத்திருக்கிறார் இந்த அம்மா. எதிலும் ஒரு பக்கம்கூடக் காலியில்லை. கெர்லிஷாவின் குடும்பத்தில் கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அவளுடைய பாஸ்போர்ட்டில் இதுவரை ஒரு முத்திரை விழவில்லை. குலுக்கலில்கூடச் சீட்டு பணக்காரியைப் பார்த்துத்தான் விழுகிறது.

"ஆன்டிகுவாவுல என்னதான் பிடிக்கலை?"

"வெயில் பொல்லாதது. காலைல இறங்கினா பத்து மணிக்குள்ள எல்லாம் வாடிப் போயிடும்."

'நிழல் வேண்டும்' என்று கெர்லிஷா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். "சரி, செயின்ட் மார்ட்டின்?"

"அங்கயா! காலைக் கீழ வைக்க விட மாட்டாங்க. 'மா இஸ்மீனியா வந்தாச்சு, மா இஸ்மீனியா வந்தாச்சு'ன்னு ஓடி வந்து சூழ்ந்துக்குவாங்க."

'கூட்டம் கூடாது.' பேனா தாளைக் கிழித்தது. "டோர்டோலா?"

"அங்க போகணும்னா ராத்திரிப் பயணம். படுக்கை சரியா இருக்காது, முதுகு போயிடும்."

'நல்ல மெத்தை' என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டாள் கெர்லிஷா.

"மெத்தையா!" தாளை எட்டிப் பார்த்த மா இஸ்மீனியாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எழுது, எழுது. ரெண்டு போடச் சொல்லு!"

"மகாராணிக்கு ஒரு தீவும் ஆகலை. பத்து நிமிஷம்தான் இருக்கு" என்று அல்ஃபோன்ஸ் எழுந்து நின்றார். "எனக்கு பார்படோஸ்னு எழுதிக்கோ, பொண்ணே."

"உட்காருங்க" என்றாள் கெர்லிஷா. பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான், மா இஸ்மீனியா. உங்களுக்கு இது விளையாட்டா இருக்கு. இங்க ஒரு ஊரைக்கூடப் பாக்காதவங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? நீங்க இன்னும் பாக்காத இடம்னு ஒண்ணு இருந்தா சொல்லுங்க. இல்லன்னா விட்டுக் குடுத்துடுங்க."

சிரிப்பு நின்றது. மா இஸ்மீனியா ஜன்னல் பக்கம் பார்த்தார். மணிக்கூண்டின் முள் பன்னிரண்டை நெருங்கியது. அல்ஃபோன்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"ஒண்ணு இருக்கு" என்று மா இஸ்மீனியா விரலை நீட்டினார். "அதோ, அந்தக் குன்று மேல இருக்கிற வெள்ளை ஹோட்டல்."

"இந்த ஊரு ஹோட்டலா?" அல்ஃபோன்ஸ் அலறினார். "நடந்தா பத்து நிமிஷம்! செல்லாது, செல்லாது!"

"இது கரீபியன்ல இருக்கா, இல்லையா?"

கெர்லிஷா விதிகள் இருந்த தாளைத் தேடி எடுத்தாள். அல்ஃபோன்ஸ் அதைப் பிடுங்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். எந்தத் தீவென்றாலும் என்றுதான் போட்டிருந்தது. சொந்தத் தீவு கூடாது என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவம், கடற்கரைச் செருப்போடு அவர் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மணிக்கூண்டில் பன்னிரண்டு அடிப்பதற்குள் கெர்லிஷா பதிவு செய்துவிட்டாள். ஆனால் கோபம் அடங்கவில்லை. "நாலு பாஸ்போர்ட் தீரத் தீர ஊர் சுத்தினவங்க, கடைசில இதையா கேக்கறீங்க?"

"சுத்தினேனா? சரக்குப் படகுல சேப்பங்கிழங்கு, வாழைத்தார், எலுமிச்சைன்னு மூட்டையோட போவேன். மூட்டை மேலயே படுத்துக்குவேன். துறையிலயே வித்துட்டு, அதே படகுல ஏறித் திரும்பிடுவேன்."

கெர்லிஷா எழுதி வைத்த தாளைப் பார்த்தாள். நிழல், கூட்டம், மெத்தை. அதை மெல்லக் கசக்கி மேசைக்கடியில் போட்டுவிட்டு, எழுந்து வந்து அவர் பையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"வாங்க மா, நானே கொண்டுபோய் விடறேன். வழி தெரியும்ல?"

"தெரியாமயா! மிச்ச மூட்டையெல்லாம் முப்பது வருஷமா அந்த ஹோட்டல் சமையக்கட்டுக்குத்தானே சுமக்கறேன்" என்றார் மா இஸ்மீனியா, தொப்பியைச் சரிசெய்துகொண்டே. "முன்வாசல் எந்தப் பக்கம்னு மட்டும் காட்டிடு."