மாஸ்டர் விட்டுவிட்டாராம்

தையல்கடை முழுக்க இதே பேச்சுதான். கட்டிங் மாஸ்டருக்குக் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, பட்டன் தைக்கிற அக்கா சும்மா சிரித்ததற்கே எரிந்து விழுகிறார்.

கோணலாக வெட்டிய மூன்றாவது சட்டைத் துணியோடு முதலாளி கூப்பிட்டபோது, வேலை போச்சு என்றே மாஸ்டர் நினைத்தார்.

"என்ன மாஸ்டர் இது?"

"விட ஆரம்பிச்சுப் பதினோரு நாளாச்சு முதலாளி. அதான் இப்படிப் படுத்துது."

முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்க குடிப்பீங்கன்னே எனக்குத் தெரியாதே! எவ்வளவு பெரிய விஷயம்! மெதுவா வெட்டுங்க, அவசரமே இல்ல."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். பட்டன் அக்கா ஓடிப்போய் எலுமிச்சை ஜூஸ் வாங்கி வந்தாள். கூடவே தெருவுக்கும் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் மனைவி பிளேடால் மாத்திரையை நறுக்கி, கால் துண்டை நீட்டினாள்.

"வாழ்நாள்ல ஒரு சொட்டு தொட்டதில்ல, உங்களைப் போய்க் குடிகாரன்னு ஊரே பேசுது. மனச்சோர்வுக்குச் சாப்பிட்ட மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தச் சொல்லியிருக்கார்னு உள்ளதைச் சொன்னா என்னங்க?"

மாஸ்டர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"குடியை விடறேன்னா மெதுவா வெட்டுங்கறார். மனசுக்கு மாத்திரைன்னா கத்திரிக்கோலையே பிடுங்கிடுவார்."

போன் அடித்தது. எடுத்துப் பேசியவள் பெருமூச்சோடு வைத்தாள்.

"முதலாளிதான். ஞாயித்துக்கிழமை அவர் மச்சானைக் கூட்டிட்டு வராராம். எப்படிக் குடியை விட்டீங்கன்னு நீங்க அவருக்குப் புத்தி சொல்லணுமாம்."

மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை.

"என்ன குடிச்சேன்னு கேப்பாரேடி, என்னத்தைச் சொல்ல?"