ஒரே ஒரு அறை

"இந்தக் குழந்தைய அடிச்சது நீங்கதானா?"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாக அந்தப் பெண் கேட்டாள். பள்ளிக்கூட டீச்சராம். கழுத்தில் அட்டை தொங்கியது. பின்னால் மாடிவீட்டுக்காரியும் அவளுடைய ஏழு வயது மகளும்.

"ஆமா, அடிச்சேன்" என்றேன்.

மறைக்க என்ன இருக்கிறது? கட்டடத்துக்கே தெரிந்த விஷயம். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நடந்து இரண்டு மாதம் இருக்கும். நான் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். அந்தக் குழந்தை தினமும் இறங்கி வந்து என் தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாள். சும்மா இருக்க மாட்டாள். நூல்கண்டுகளை உருட்டுவாள், பட்டன் டப்பாவைக் கவிழ்ப்பாள், போகிற போக்கில் எல்லார் வீட்டு மணியையும் அடித்துவிட்டு ஓடுவாள். வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

அன்றைக்கு நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள், மறுநாள் கொடுக்கவேண்டிய கோட்டின் ஒரு கையை முழங்கைவரை கத்தரித்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எழுந்து ஓடினாள். படிக்கட்டுவரை துரத்திப் போய்ப் பிடித்துக் கன்னத்தில் ஒன்று வைத்தேன்.

சத்தம் கேட்டு ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

யாரோ பெற்ற பிள்ளை. சண்டைக்கு வரப்போகிறார்கள், என்ன பதில் சொல்வேன் என்று நின்றேன்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. இதை யாராவது எப்போதோ செய்திருக்கவேண்டும் என்றார் எதிர்வீட்டுக்காரர். மாடிவீட்டுக்காரி இறங்கி வந்து, அடித்த கையையே பிடித்துக்கொண்டாள். "நல்ல காரியம் பண்ணீங்கக்கா. நான் சொன்னா எங்க கேக்கறா?"

அதற்கப்புறம் அந்த வீட்டில் நான்தான் பூச்சாண்டி. சாப்பிடாவிட்டால் டெய்லர் அக்கா வருவாள். தூங்காவிட்டால் டெய்லர் அக்கா வருவாள். நானும் படியில் பார்க்கும்போதெல்லாம் கண்ணை உருட்டிக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்போம்.

நாலைந்து நாள் வராமல் இருந்தவள், மறுபடியும் வர ஆரம்பித்தாள். முன்போலவே மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். ஆனால் எதையும் தொடவில்லை. பேச்சும் இல்லை. போ என்று சொன்னால்தான் போவாள், அதுவும் இரண்டு தடவை சொன்னால்.

ஒரே அறையில் வழிக்கு வந்துவிட்டாள் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

"எதால அடிச்சீங்க?" டீச்சர் கேட்டாள்.

"கையாலதான். வேற எதால அடிப்பாங்க?"

டீச்சர் குழந்தையைத் திருப்பி நிறுத்தி, சட்டையை முதுகுக்கு மேலே தூக்கினாள்.

கோடுகள். ஒயரை இரண்டாக மடித்து வீசினால் விழுமே, அந்த மாதிரி ஜோடி ஜோடியாக. சில பழசாகிக் கறுத்திருந்தன. இரண்டு இன்னும் சிவப்பாக இருந்தன.

ஒரே ஒரு அறைதான் என்றேன். அதுவும் கன்னத்தில், அதுவும் இரண்டு மாதத்துக்கு முன்னால்.

"எல்லாரும் ஒரே ஒரு தடவைன்னுதான் சொல்றாங்க" என்றாள் டீச்சர்.

இது என் கை இல்லை, இவளைக் கேளுங்கள் என்று மாடிவீட்டுக்காரியைக் காட்டினேன். அவள் கண்கள் உடனே நிறைந்தன. "விடுங்க டீச்சர். அக்கா நல்லதுன்னு நெனச்சுதான் அடிச்சிருப்பாங்க."

பேச்சுச் சத்தத்துக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. டீச்சர் அவரிடமும் கேட்டாள். அவர் பொய் பேசுகிற மனிதர் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல், இந்தம்மா அடித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றார்.

பார்த்ததைத்தானே சொன்னார்.

கடைசியாக டீச்சர் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தாள். பயப்படாமல் சொல்லு, யார் அடித்தது?

குழந்தை முதலில் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டி என்னைக் காட்டி, டெய்லர் அக்காதான் அடிச்சாங்க என்றாள். மனப்பாடப் பாட்டு ஒப்பிக்கிறமாதிரி, எங்கேயும் தடங்கல் இல்லை.

இனிமேல் இந்தக் குழந்தையைத் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னாள் டீச்சர். இல்லையென்றால் விஷயம் போலீசுக்குப் போகும் என்றாள். போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். போலீஸ் வந்தாலும் யாரைக் கேட்பார்கள்? இந்தக் கட்டடத்தில் இருப்பவர்களைத்தான். அத்தனை பேரிடமும் அந்த அறையைப் பெருமையாகச் சொல்லி வைத்தது நான்தான்.

நின்றபடியே, கதவின்மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

டீச்சர் அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். படியிறங்கப் போனவள், என்ன நினைத்தாளோ, திரும்பி மாடிவீட்டுக்காரியிடம் அக்கறையாகச் சொன்னாள், இனிமேல் குழந்தையை இந்த வீட்டுப் பக்கமே அனுப்பாதீர்கள் என்று.

"எங்கயும் அனுப்ப மாட்டேன் டீச்சர். இனிமே என்கூடவேதான் இருப்பா."

டீச்சரின் செருப்புச் சத்தம் கீழே போய்த் தேய்ந்தது. எதிர்வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது.

போகலாம் வா என்று மகளின் கையை இழுத்தாள் மாடிவீட்டுக்காரி. குழந்தை நகரவில்லை. அவளுடைய இன்னொரு கை என் வீட்டுக் கதவு நிலையைப் பிடித்திருந்தது.

நான் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

மாடிவீட்டுக்காரி குனிந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.