பச்சைத் தண்ணீர்

ஒரு தொட்டியில் சோனியான மீன்குஞ்சு ஒன்று இருந்தது. எத்தனை தண்ணீர்ப்பூச்சிகளைத் தின்றும் அது வளரவில்லை. ஒருநாள் முட்டை சுமந்த பூச்சி ஒன்று அதனிடம் அகப்பட்டது.

"அக்கா, உங்களைத் தின்றும் எனக்கு ஏன் தெம்பு வரவில்லை?" என்று கேட்டது மீன்குஞ்சு.

"எங்களுக்கே தெம்பில்லை, தம்பி. தொட்டிக்காரர் தூவும் சத்தில்லாத ஈஸ்ட் தூள்தான் எங்கள் சாப்பாடு. வெயில் படும் மூலையில் தண்ணீர் பச்சை கட்டியிருக்கிறது. அங்கே போக விடு, என் பிள்ளைகளாவது பாசி தின்னட்டும்," என்றது பூச்சி.

மீன்குஞ்சுக்கு வயிறு காந்தியது. ஆனாலும் வழிவிட்டது.

பத்தே நாளில் அந்த மூலையிலிருந்து கொழுத்த பூச்சிகள் கூட்டமாக வந்தன. மீன்குஞ்சும் தேறியது. அதுமுதல் எந்தப் பூச்சியைக் கண்டாலும், "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

கொழுத்த பூச்சிகள் சிலவும், "இன்னும் இல்லை," என்றன. மீன்குஞ்சு சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது.