ஆமென் போடாத ஜெபம்

“இன்னைக்கு நீங்க எனக்காக ஜெபம் பண்ணுங்க சார்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சபையின் ஜெபத் தொலைபேசியில் உட்காருகிறவர்கள் மறந்தும் கேட்கக் கூடாதது இது ஒன்றுதான். கூப்பிடுகிறவர் தன் குறையைச் சொல்லுவார். நாம் ஜெபிக்க வேண்டும். நம் குறை அவர் காதில் விழக் கூடாது. பயிற்சியின் முதல் நாளே பொறுப்பாளர் அம்மா போட்ட சட்டம் அது.

அதுவும் யாரிடம் கேட்டாள்? தினமும் சாயங்காலம் வம்புக்கென்றே கூப்பிடுகிற மனிதரிடம். பெயர் சொல்ல மாட்டார். கடிகாரம் பழுது பார்க்கிறவர் என்பது மட்டும் தெரியும். “என்ன பாப்பா, உங்க கடவுள் இன்னைக்கு டூட்டியில இருக்காரா?” என்றுதான் ஆரம்பிப்பார். அவர் பேசும்போதே பின்னால் பல கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரத்தில் மணியடிக்கும். அவளும் விட மாட்டாள், சரிக்குச் சரி வாயாடுவாள்.

இன்று வாய் எழவில்லை. அதற்கு முந்தைய அழைப்பில் ஒரு பெண், அப்பா தன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்று அழுதாள். கேட்டுக்கொண்டிருந்த இவளோ, தன் வீட்டிலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கோபம் சுர்ரென்று ஏறியது. “எங்க வீட்லயும்தான் நிறுத்தப் பாத்தாங்க. நான் சண்டை போட்டுப் படிச்சேன். நீ உக்காந்து அழுதுட்டிருக்க” என்று பொரிந்து தள்ளிவிட்டாள். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் வைத்துவிட்டாள். ஆறுதல் சொல்ல வந்த இடத்தில் அடித்து விரட்டியதுபோல் ஆகிவிட்டது. ரிசீவரைக் கீழே வைத்ததுமே மறுபடி மணி; எடுத்தால் இந்தக் கடிகாரக்காரர்.

மறுமுனையில் ஒரு கடிகாரம் மணியடித்து ஓய்ந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆண்டவரே, இந்தப் பொண்ணு நல்லா ஓடிட்டிருந்த பொண்ணு. இன்னைக்கு என்னமோ நின்னுபோச்சு. கொஞ்சம் சாவி குடுத்து விடுங்க.”

அவ்வளவுதான். வெட்கப்பட்டவர்போல் டக்கென்று வைத்துவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், வாசலில் பொறுப்பாளர் அம்மா. காலையில் மட்டும் வருகிறவர். சாயங்காலங்களில் பெண்கள் கூட்டம் நடத்தப் போய்விடுவார். இன்று பார்த்துக் கூட்டம் சீக்கிரம் முடிந்திருக்கிறது; அவள் கேட்டது மட்டும் வெளி வராந்தாவிலேயே அவர் காதில் விழுந்திருக்கிறது. சபை வாலிபர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் இரும்பம்மா. ஒரு நிமிஷம்கூடப் பிசகாத தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உள்ளே வந்தார்.

பசியோடு வருகிறவனிடம் எவளாவது பிச்சை கேட்பாளா என்று தொடங்கி, முந்தைய பெண்ணின் கதை வரை ஒன்றுவிடாமல் கேட்டு வாங்கிக்கொண்டு, வரிசையாகத் திட்டினார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் வீட்டுப் பாரத்தை நான் ஒருத்தர்கிட்டயும் இறக்கி வச்சதில்ல. நேரா ஆண்டவர்கிட்டதான். ஊழியம்னா அப்படி நிக்கணும். முடியலைன்னா இந்த நாற்காலி உனக்கு வேண்டாம்.”

அந்த நாற்காலி போனால், தான் ஒருவருக்காவது பயன்படுகிறோம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்த ஒரே இடமும் போய்விடும். அதற்காக வாயை மூடிக்கொள்ள அவளுக்குத் தெரியாது.

“முடியலைதான்மா. அதனாலதான் கேட்டேன்” என்றாள். சுவரைக் காட்டினாள். “‘பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்’னு வசனம் எழுதி இவ்ளோ பெருசா மாட்டியிருக்கோம். அது ஃபோன் பண்றவங்களுக்கு மட்டும்தானா? நமக்கு இல்லையா?”

“வாய் பேசாத.”

“பேசல. நான் கிளம்புறேன்.”

பையைத் தோளில் மாட்டியபோது தொலைபேசி அடித்தது. அவள் கையை நீட்டுமுன் பொறுப்பாளர் அம்மாவே எடுத்தார். வணக்கம் சொல்லக்கூட விடாமல் எதிர்க்குரல் பொழிந்தது. உரக்கப் பேசிப் பழகிய குரல். சின்ன அறை முழுக்கக் கேட்டது.

“பாப்பா, ஒரு சந்தேகம். நான் ஜெபம் பண்ணேன்ல, அதுல ஆமென் போட மறந்துட்டேன். அது செல்லுமா?”

பொறுப்பாளர் அம்மா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“என்னையும் மதிச்சு ஒரு ஆள் ஜெபம் பண்ணச் சொன்னது இதான் மொத தடவை. பண்ணதுலருந்து கையில வேலையே ஓடல. வீட்ல கேக்கலாம்னா, அவளுக்கு எல்லாம் தெரியும், யாரும் தேவையில்ல. என் ஜெபத்தை வச்சு அவ என்ன செய்வா?”

பின்னால் கடிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மணியடிக்கத் தொடங்கின. பொறுப்பாளர் அம்மா எதையோ எண்ணுகிறவர்போல் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இரும்பு முகத்தில் உதடு மட்டும் கோணியது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

ரிசீவரைக் கையால் பொத்தி அவளிடம் நீட்டினார். அவள் தோளிலிருந்த பையை உருவி மேசைமேல் வைத்தார். தன் குடையை எடுத்துக்கொண்டார்.

“செல்லும்னு சொல்லு. நான் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த மனுஷனைப் பேச்சுல பிடிச்சு வை.”

“அவரைத் திட்டப் போறீங்களா?”

“நீ கேட்டதையே நானும் கேக்கப் போறேன்.”

“அவர் வீடு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியாம என்னடி” என்றார் பொறுப்பாளர் அம்மா, வாசலைத் தாண்டியபடியே. “தினமும் நான்தானே பெருக்குறேன்.”