சார்ஜனின் சட்டை

பருத்தித் துணிக் கொடியில் அச்சடித்த மை சொரசொரத்தது. அதன்மேல் தாளைப் போட்டு, மை வழவழப்பாகும்வரை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தாள் ஸவாஹிரா. தேயிலைத் தோட்டத்து ஸ்ட்ரைக் கொடி. அவசரகாலச் சட்டம் இருக்கிற நேரம்; பிடிபட்டால் அதை அச்சடித்த கணவன் இத்ரூஸுக்குச் சிறைதான்.

பசறை டவுனிலிருந்த அவர்களுடைய இஸ்திரிக் கடை வாசலில், கசங்கிய காக்கிச் சட்டையைக் கையில் பிடித்தபடி பொலிஸ் சார்ஜன் நின்றார். கொடியைச் சுருட்டி மேசைக்கடியில் தள்ளினாள். தாள் மட்டும் புரண்டு மேசையிலேயே கிடந்தது.

"என்ன தங்கச்சி, பேயைக் கண்ட மாதிரி முழிக்கிற? எங்க பொலிஸ் பெரியய்யா வந்துட்டாரு, இத ஒருக்கா அழுத்திக் குடு."

சட்டையை அந்தத் தாள்மேலேயே மல்லாத்தி, அழுத்தித் தேய்த்துக் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு திரும்பினார்.

தாளில் ஒட்டியிருந்த மை சூட்டில் இளகி, அவர் முதுகில் பளிச்சென்று பதிந்திருந்தது: ‘நாளைக்கு யாரும் வேலைக்குப் போகாதீங்க!’

அவள் தாளைக் கசக்கி மேசைக்கடியில் எறிந்தாள். கொழுந்து பறிக்கும் பெண்கள் நிறைந்த பஸ் நிலையத்தைத் தாண்டி, பெரியய்யாவின் ஜீப்பை நோக்கி அவர் விறைப்பாக நடந்தார்.