முதுகுக்கு ஏத்த பை

மலையேற்றப் பைகள் விற்கும் அந்தக் கடைக்குள் நுழைந்ததிலிருந்தே அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் ஒரு பையா? கோணிச்சாக்குக்குக் காது வச்ச மாதிரி இருக்கு!”

அவர் மனைவி ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“பட்டை தோளை அறுக்கக் கூடாது. பாரம் மொத்தமும் இடுப்புல உக்காரணும். முதுகு வேர்க்கவே கூடாது. புரியுதா?” என்று விற்பனையாளரிடம் கறாராகச் சொன்னார் அவர்.

விற்பனையாளருக்கு எரிச்சல் போய் மரியாதையே வந்துவிட்டது. விவரமான ஆள்தான்! இருப்பதிலேயே நல்ல பையை இறக்கி, எடை பார்ப்பதற்காக உள்ளே மணல் மூட்டைகளை அடுக்கி நீட்டினார்.

“போட்டுப் பாருங்க சார்.”

“எனக்கெதுக்கு?” என்று சிரித்தார் அவர். “நான் கையை வீசிக்கிட்டு ஏறுவேன். சுமக்கப்போறது இவ. ஏய், எந்திரி!”

அதன்பிறகு விற்பனையாளருக்கு அந்த மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பையை அந்த அம்மாவின் முதுகில் மாட்டி, பட்டைகளைச் சரிசெய்தார்.

“ரொம்பக் கனமா இருக்காம்மா?”

அவள் நாலடி நடந்தாள். திரும்பி நின்று, கணவனைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தாள்.

“இத்தனை வருஷமா நான் சுமக்கிறதைப் பார்த்தா, இது எவ்வளவோ தேவலைங்க. நினைச்சா இறக்கி வச்சிடலாம்.”